மூண்டு தரம் பிழைச்சாப் பூட்டு

முனவ்வறாவின் கையில் சூடை மீன். சட்டிக்குள் இன்னும் அறுபது எழுபது கிடக்கும். தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, செதிளைச் சுரண்டி, மூன்று தண்ணியில் அலச வேண்டும். கைக்குத்தான் வேலை. காது சும்மா இருந்தது. சும்மா இருந்த அந்தக் காதுக்குள் முன்னறையிலிருந்து ஸைனுலாப்தீனின் குரல் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

"ஸ்டார்ட்ட அமத்து. கருவிப் பெட்டியத் திற. ரெண்டு தலைப் படம் கூட்டம். ஒத்தத் தலைப் படம் ஆள். ஆளுக்கு மேல வலப்பக்கத்தால அமத்து. அக்கவுண்ட் எண்டதத் தொடு. பூட்டுக்கு நேர இரிக்கிற சரியடையாளத்த எடு. ஓகே."

பிறகு மூச்சு விட்டுவிட்டு முதலிலிருந்து.

ஸைனுலாப்தீன் எதையும் இப்படித்தான் பாடமாக்குவார். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் குர்ஆன் சொல்லித் தரும் லெப்பைக்கு முன்னால் ஆடி ஆடி ஓதிப் பழகிய உடம்பு. வாயால் சத்தமாகச் சொல்லாமல் ஒன்றும் அவர் தலைக்குள் ஏறாது. பெருக்கல் வாய்ப்பாட்டை இப்படித்தான் ஏற்றினார். மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கான வீதிச் சட்டங்களையும் இப்படித்தான் ஏற்றினார். கலியாணம் பேசின காலத்தில் முனவ்வறா என்ற பெயரைக்கூட நாற்பது தரம் ஓதிப் பாடமாக்கினாராம். அதை அவரே பெருமையாகச் சொல்வார்.

இப்போது அவர் ஓதிக்கொண்டிருந்தது சேர்வருக்காக.

சேர்வர் என்றால் ஒரு கறுப்புப் பெட்டி. ரெண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். சுனாமிக் கடல் வந்து போன மறு வருசம், வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கல்முனைக்கு வந்து, யாருக்கு வீடு போனது, யாருக்கு வீடு கிடைத்தது, யார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் போட்டு வைத்தது. அதைக் காப்பதுதான் நாலு வருசமாக ஸைனுலாப்தீனின் வேலை. போன வருசம் சண்டையும் முடிந்தது. வெள்ளைக்காரர்களின் வெள்ளை வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புப் பக்கம் திரும்பின. போகிற போக்கில் பெட்டியையும் ஐந்து கொம்பியூட்டரையும் ஊர் மாதர் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். சங்கத்தின் கட்டடம் அத்திவாரத்தோடு நின்றது. அது எழும்புகிற வரைக்கும் எல்லாம் முனவ்வறா வீட்டு முன்னறையில்.

வீடு முனவ்வறாவின் சீதன வீடு. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பேரில். ஸைனுலாப்தீன் இந்தப் பக்கத்து எல்லா மாப்பிள்ளைமாரையும் போல, ஒரு பெட்டியும் ரெண்டு சாரனும் கொண்டு பெண் வீட்டுக்கு வந்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா கமீலாவின் வீடு. வேலியில் ஒரு பொட்டு, ஆள் தலை நுழைகிற ஓட்டை. அதால் மீன்குழம்பும் போகும், கதையும் போகும்.

அந்த வீட்டில் மின்விசிறி ஒன்றே ஒன்று, அதுவும் முன்னறையில். அதற்குக் கீழேதான் ஒன்பது மாத மகனின் ஏணை தொங்கியது. இப்போது அந்த இடத்தில் சேர்வர். ஏணை குசினிக்குப் போகிற நடைக்கு வந்துவிட்டது.

"மகனுக்கு வேர்க்குதே" என்று முதல் நாளே முனவ்வறா சொல்லிப் பார்த்தாள்.

"மகனுக்கு வேர்த்தா அழுவான். உடனே நமக்குத் தெரியும். இதுக்கு வேர்த்தா அழாது புள்ள. செத்துப் போகும்."

முனவ்வறா விசிறிமட்டையை எடுத்துக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அதிகம் கதைக்கிற ஆளும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். வெளி ஆட்கள் வந்தால் முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் தொங்குகிற திரைச்சீலைக்கு அங்கால் வரமாட்டாள். தேத்தண்ணியை ஊற்றித் திரைக்குக் கீழால் தள்ளுவாள்.

ஆனால் அவளுக்கும் நெஞ்சுக்குள் ஒரு நெருப்பு இருந்தது. சங்கத்தில் அந்தப் பெட்டியைப் பார்க்க, ரெண்டு வருசத்துக்குச் சம்பளத்தோடு ஒரு பொறுப்பாளர் பதவி இருந்தது. உதவி நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து பார்த்துத்தான் அதைத் தருவார். பதவி கிடைத்தால் ஸைனுலாப்தீன் ஊரில். கிடைக்காவிட்டால் கட்டார். பாஸ்போர்ட் ஏற்கெனவே பஸாரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. கமீலாவின் மாப்பிள்ளை ரெண்டு வருசத்துக்கென்று சவூதிக்குப் போனவர்தான். ஏழு வருசமாகிறது. கமீலாவின் மகள் டெலிபோனைக் காட்டி வாப்பா என்று சொல்கிறாள்.

ஆகவே பதவி கிடைக்க வேண்டும். அதில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே எண்ணம்தான். எப்படிக் கிடைக்க வேண்டும் என்பதில்தான் ஸைனுலாப்தீன் ஒரு மாபெரும் முடிவு எடுத்தார். எடுத்ததைக் குசினி வாசலில் நின்று அறிவித்தார்.

"இஞ்ச புள்ள, ஒரு ஆளிட வேலை எப்பிடி நிலைக்கிற தெரியுமா?"

"ஒழுங்காச் செஞ்சா நிலைக்கும்."

"அது பழைய காலம். எனக்கு மட்டும் தெரியோணும். வேற ஒருத்தருக்கும் தெரியப்படாது. அப்பதான் நான் இல்லாம அவங்களுக்கு ஏலா எண்டு வரும்."

"அப்ப நான் மீன் ஆயிறத உங்களுக்குக் காட்டி மோசம் போயிட்டன்."

"பகிடி உடாத. இனி இந்தப் பெட்டியில நான் வெச்சதுதான் சட்டம்."

சட்டம் அன்றைக்கே பிறந்தது. கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்தால் அந்த ஆளின் கணக்கு பூட்டப்படும். நிருவாகி வந்து திறக்கிற வரைக்கும் பூட்டுத்தான். ஏழு நாளைக்கு ஒருக்கா கடவுச்சொல் மாற்ற வேண்டும். அதில் பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, ஆணி மாதிரி ஒரு குறி. இவ்வளவையும் ஸைனுலாப்தீன் மவுஸால் நாலு பெட்டிக்குள் சரியடையாளம் போட்டுத்தான் செய்தார். ஆனால் அது வெளியில் தெரியக்கூடாதே. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

சங்கத்துப் பெண்கள் பழக வருகிற நேரம் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து விடுவார். அதில் வெள்ளை எழுத்துகள் மாரி மழை மாதிரிக் கொட்டும். உண்மையில் அது பெட்டிக்குள் இருக்கிற கோப்புகளின் பெயர்கள்தான், வேறொன்றும் இல்லை. ஸைனுலாப்தீன் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவார். தாடையைத் தடவுவார். "ம்" என்பார். பெண்கள் மூச்சு விடாமல் நிற்பார்கள். அவர்கள் போன பிறகு மழையை நிறுத்திவிட்டு மவுஸை எடுத்து, ரெண்டு தலைப் படம், ஒத்தத் தலைப் படம் என்று ஓதி ஓதி வேலையை முடிப்பார்.

முதல் கிழமைக்குள்ளேயே, பழக வந்த ஐந்து பெண்களும் பூட்டுக்குள் விழுந்தார்கள். மூன்று கிழமைக்குள் கமீலா மட்டும் பதினொரு தரம்.

"மச்சான், எண்ட பேரு பூட்டிட்டு" என்று வேலிப் பொட்டால் தலையை நீட்டுவாள்.

"எத்தின தரம் பிழையா அடிச்சீங்க மச்சி?"

"மூண்டுதான்."

"அதுதான் சட்டம்."

"சட்டம் ஆரு போட்டது?"

"சேர்வர்."

"அந்தச் சேர்வருக்கு எங்கள்ள என்ன கோவம்?"

ஸைனுலாப்தீன் பெருமூச்சு விட்டு, கறுப்பு மழையைக் கொட்ட விட்டு, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ரகசியமாகத் திறந்து கொடுப்பார். திறந்து கொடுக்கிற நேரம் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். நோயாளியைப் பிழைக்க வைத்த டொக்டருக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் வராது.

இதற்கெல்லாம் முதல், பெட்டி வந்த புதிதில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போது ஐந்து கொம்பியூட்டரும் வந்து சேரவில்லை. பெட்டி மட்டும்தான் இருந்தது. புது ஆள் ஒன்றைச் சேர்த்துப் பழக வேண்டும் என்று ஸைனுலாப்தீனுக்கு ஆசை. சேர்க்க ஆள் வேண்டும்.

"முனவ்வறா, வா. உன்ன ஒரு ஆளாக்கப் போறன்."

"இவ்வளவு நாளும் நான் என்னவாம்? கை முழுக்க மீன்."

"துடைச்சிட்டு வா."

அவள் பேரைப் போட்டார். ஒத்தத் தலைப் படம் ஒன்று வந்தது. உள்ளே போகச் சொன்னார். பெட்டி விடவில்லை. சாதாரண ஆட்கள் வேறு கொம்பியூட்டரிலிருந்துதான் வரலாம், பெட்டிக்கு முன்னால் நேரே உட்கார்ந்து உள்ளே போக நிருவாகிகளுக்கு மட்டும்தான் அனுமதி. வேறு கொம்பியூட்டர் எங்கே இருக்கிறது. ஸைனுலாப்தீன் யோசித்தார். ரெண்டு தலைப் படத்தில் நிருவாகிகள் கூட்டத்தைத் திறந்து, முனவ்வறாவின் பேரை அதற்குள் போட்டார்.

"சும்மா பழகத்தான். பொறகு எடுத்துருவன்."

இப்போது பெட்டி விட்டது. புதுக் கடவுச்சொல் ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்டது. ஸைனுலாப்தீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீயே ஒண்டு வை. எனக்குக் காட்டாத. உம்மாக்கும் செல்லப்படாது, ராத்தாக்கும் செல்லப்படாது, கட்டின மாப்பிள்ளைக்கும் செல்லப்படாது. அதுதான் பாஸ்வேர்ட்டிட மரியாதை."

முனவ்வறா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். அடித்து முடிய, கரண்ட் போனது. பற்றரிப் பெட்டி கீச்சிட்டது. மகன் எழும்பி அதைவிடப் பெரிதாகக் கீச்சிட்டான். ஸைனுலாப்தீன் ஓடித் திரிந்து எல்லாவற்றையும் அணைத்தார். முனவ்வறாவின் பேரை எடுக்கவில்லை. மறந்தே போனார்.

சங்கத்தின் செயலாளர் தங்கேஸ்வரி. பக்கத்து ஊர் பாண்டிருப்பு ஆள். புருசன் கடலுக்குப் போகிறவர். கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகின குரல் என்பதால் அவள் ரகசியம் சொன்னாலும் அடுத்த வளவுக்குக் கேட்கும். ஒரு நாள், ஸைனுலாப்தீன் பஸாருக்குப் போன நேரம் பார்த்து, அவள் திரையை விலக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்து பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, உண்ட புருசன் எங்களப் பூட்டிப் பூட்டியே சீவியத்தக் கொண்டு போகலாம் எண்டு நினைக்கிறாராகா?"

முனவ்வறா தலையைக் குனிந்து சிரித்தாள்.

"சிரிக்காத. வாற திங்கள் மேடம் வாறா. அவ முதல் கேக்கிறது என்ன தெரியுமா? இந்த ஆள் காய்ச்சலில விழுந்தா இந்தப் பெட்டிய ஆரு திறக்கிற எண்டுதான். ஒரு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச பெட்டிய விட்டுட்டுப் போக மாட்டாங்களாம். அம்பாறை மாவட்ட ஒபிசுக்கு ஏத்திருவாங்களாம். வேற ஒரு சங்கத்துக்கு அப்பிடித்தான் நடந்தது."

முனவ்வறா கரண்டியைக் கீழே வைத்தாள். "பெட்டி போனா பதவி?"

"பெட்டி இல்லாத சங்கத்துக்குப் பொறுப்பாளர் என்னத்துக்கு?"

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸைனுலாப்தீன் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து, முனவ்வறா வாயைத் திறந்தாள்.

"இஞ்ச பாருங்க. கமீலா ராத்தாக்காவது அந்தப் பூட்டுத் திறக்கிறதக் காட்டிக் குடுங்களன். மேடம் வந்து, வேற ஆருக்குத் தெரியும் எண்டு கேட்டா?"

"கேட்டா ஒருத்தருக்கும் தெரியா எண்டு செல்லுவன். அதுதானே எண்ட பெறுமதி."

"அதாலயே பெட்டியக் கொண்டு போயிருவாங்களாம்."

"ஆரு சென்ன? தங்கேஸ்வரி அக்காவா? பயந்துட்டாங்க புள்ள. பூட்டுப் பட்டவங்க அப்பிடித்தான் கதைப்பாங்க."

"எனக்கென்னமோ நெஞ்சு கேக்குதில்ல."

"உனக்கு இதெல்லாம் வெளங்காது. இது மந்திரம். சீனி கொஞ்சம் போடு."

முனவ்வறா சீனி போட்டாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூட. யோசனையில் கை தவறிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஸைனுலாப்தீன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிப் பள்ளிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். ஊரில் ஒரு ஆண் குருவி இல்லை. முனவ்வறா வேலிப் பொட்டால் கமீலாவைக் கூப்பிட்டாள். தங்கேஸ்வரிக்கும் ஆள் அனுப்பினாள். ரெண்டு பேரும் வந்தார்கள். முனவ்வறா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சேர்வருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்னகா செய்யப் போறாய்?" என்றாள் கமீலா. "மச்சான் வந்தா உன்னக் கொன்னு போட்டுருவார்."

"குத்பா முடியோணும், தொழுது முடியோணும், பள்ளி வாசல்ல நிண்டு கதைச்சு முடியோணும். ஒண்டே காலாகும். ராத்தா, உங்கட பேரு பூட்டியா இரிக்கி?"

"அது எந்த நாளும் பூட்டித்தானே."

முனவ்வறா தன் பேரை அடித்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். ஏழு நாள் சட்டப்படி பெட்டி புதுச் சொல் கேட்டது, அதையும் வைத்தாள். பெட்டி விட்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. பிறகு அவளையறியாமல் உடம்பு மெல்ல ஆடத் தொடங்கியது. வாய் தன்பாட்டில் ஓதியது.

"ஸ்டார்ட்ட அமத்து. கருவிப் பெட்டியத் திற. ரெண்டு தலைப் படம் கூட்டம். ஒத்தத் தலைப் படம் ஆள்..."

அதே ராகம், அதே இழுவை. "ஓகே" என்கிற இடத்தில் ஸைனுலாப்தீன் போடுகிற அதே செருமல். தங்கேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிகிறதற்குள் கமீலாவின் பேர் திறந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" கமீலாவுக்குக் கோபம் வந்தது. "இதுக்கா நான் பதினொரு தரம் வேலிக்குள்ளால தலைய உட்டன்? அந்தக் கறுப்பு மழை எங்க?"

"அது சும்மா ராத்தா. எல்லாம் படம்தான். நான் எழுத்தப் பாக்கிறதே இல்ல, படத்தத்தான் பாக்கிற. தலைக்குப் பக்கத்தில பெருக்கல் குறி மாதிரிச் சிவப்புப் புள்ளடி இரிந்தா அந்த ஆள நிப்பாட்டி வெச்சிரிக்கி."

தங்கேஸ்வரிக்கு ஒரு பயம். "ஆரு எத்தின மணிக்கு வந்து போனதெண்டு இது எழுதி வைக்குமாமே?"

"எழுதும். அந்தப் பதிவ அவர் ஒருக்காத் திறந்து பாத்தவர், பொறகு ஒரு நாளும் திறக்கிறதில்ல. அதில சிவப்புக் குறியா இரிக்கி. அதக் கண்டா அவருக்கு நெஞ்சு படபடக்கும்."

தங்கேஸ்வரி முனவ்வறாவை மேலும் கீழும் பார்த்தாள். "திங்கக்கிழமை மேடம் கேட்டா நான் உன்னத்தான் காட்டுவன்."

முனவ்வறா துள்ளி எழும்பினாள். "எனக்கு ஏலாக்கா. நான் திரைக்கு அங்கால நிண்டு செல்றன், நீங்க அமத்துங்க."

"பாப்பம்" என்றாள் தங்கேஸ்வரி.

திங்கள் காலை ஸைனுலாப்தீன் கலியாணத்துக்கு வாங்கின டையைக் கட்டினார். கழுத்து அப்போதைவிட ரெண்டு அங்குலம் கூடியிருந்தது. டை அதை ஒத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு வாகனம் வந்தது. இறங்கினது ஒரு சின்ன மேடம். மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில். சங்கத்துப் பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். முனவ்வறா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால்.

ஸைனுலாப்தீன் கறுப்பு மழையைத் திறந்து விட்டார்.

மேடம் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதில கோப்புப் பெயர்தான் ஓடுது. மூடுங்க."

ஸைனுலாப்தீன் மூடினார்.

"வெளியேறிட்டு, எனக்கு முன்னால திரும்ப உள்ள போங்க."

சின்ன விசயம். ஆனால் நேற்று ஞாயிறு. ஏழாம் நாள். தான் போட்ட சட்டப்படி ஸைனுலாப்தீனே புதுக் கடவுச்சொல் வைத்திருந்தார். பெரிய எழுத்து முதலிலா கடைசியிலா? ஆணிக் குறி நடுவிலா? சத்தமாக ஓதிப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும். சபையில் கடவுச்சொல்லைச் சத்தமாக ஓத முடியுமா. அடித்தார். பிழை. டையைத் தளர்த்திவிட்டு அடித்தார். பிழை. பிஸ்மி சொல்லி அடித்தார்.

திரையில் ஒரு அறிவித்தல் வந்தது. மேடம் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"கணக்கு பூட்டப்பட்டதாம். நிருவாகியைச் சந்திக்கட்டாம். யார் நிருவாகி?"

"நான்தான் மேடம்."

"அப்ப உங்களைச் சந்தியுங்க."

சுவரோரத்தில் யாரோ இருமினார்கள். கமீலாவாகத்தான் இருக்கும்.

"பெட்டியோட ஒரு நிருவாகிக் கணக்கு வருமே, அது?"

"அத நான்தான் நிப்பாட்டி வெச்சன் மேடம். பாதுகாப்புக்கு."

"வேற யாருக்கும் இதைத் திறக்கத் தெரியாதா?"

மூன்று கிழமையாக அவர் காத்திருந்த கேள்வி. பதிலும் தயாராக இருந்தது. ஆனால் அது வாயிலிருந்து வந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "ஒருத்தருக்கும் தெரியா மேடம்."

மேடம் கொப்பியை மூடினார். பென்சிலைக் காதில் செருகினார். "குறை நினைக்க வேணாம். ஊர்ச் சனத்தின்ட வீட்டுப் பட்டியல் முழுக்க இதுக்குள்ள இருக்கு. ஒரு ஆளின்ட ஞாபகத்தை நம்பி விட்டுட்டுப் போக ஏலாது. அம்பாறைக்கு அனுப்பத்தான் வேணும். டிரைவரைக் கூப்பிடுங்க."

திரைக்குப் பின்னால் நின்ற முனவ்வறாவுக்கு ஸைனுலாப்தீனின் முதுகுதான் தெரிந்தது. வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காது ரெண்டும் சிவந்திருந்தன. மூன்று கிழமையாக அவர் போட்ட ஆட்டத்துக்கு அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த மனிசன் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தானே இவ்வளவும் செய்தார். அவளுக்கு வாய் திறந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. திரையின் ஓரத்தைப் பிடித்து ஒரு சாண் விலக்கினாள், திரும்பவும் விட்டாள்.

"மேடம்" என்றாள் தங்கேஸ்வரி, வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில். "இன்னொரு ஆள் இரிக்கு. திரைக்கு அங்கால. வெக்கப்படுது."

கமீலா வந்து மகனைப் பறித்து எடுத்துக்கொண்டாள். இடுப்பில் பிள்ளையும் இல்லாமல் எதற்குப் பின்னால் ஒளிவது. முனவ்வறா முந்தானையைத் தலைக்கு இழுத்து, நிலத்தைப் பார்த்தபடி வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

ஸைனுலாப்தீன் குனிந்து காதுக்குள் கேட்டார். "உனக்கு இன்னும் உள்ள போக ஏலுமா? உண்ட பேர நான் எடுக்கல்லையா? பாஸ்வேர்டச் செல்லு, நான் அடிக்கிறன்."

"கட்டின மாப்பிள்ளைக்கும் செல்லப்படாது எண்டீங்களே" என்றாள் முனவ்வறா, அதைவிட மெல்ல. "கொஞ்சம் அங்கால பாருங்க."

அவர் சுவரைப் பார்த்தார். மேடமும் திரும்பிக்கொண்டார். சங்கம் முழுக்கத் திரும்பி நின்றது. விசைகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிற சத்தம் மட்டும். பெட்டி விட்டது.

முனவ்வறா மவுஸைப் பிடித்தாள். எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது. வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. "ஸ்டார்ட்ட அமத்து. கருவிப் பெட்டியத் திற. ரெண்டு தலைப் படம்..."

"கூட்டம்" என்றாள் வாசலிலிருந்து கமீலா.

"ஒத்தத் தலைப் படம்?"

"ஆள்" என்றது சுவரோரத்து வரிசை முழுக்க.

வேலிப் பொட்டால் குழம்பு மட்டுமா போகும். மூன்று கிழமையாகக் காலையும் மாலையும் ஓதின பாடம் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஸைனுலாப்தீன் தன் மந்திரத்தை ஆறு பெண்களின் வாயால் கேட்டுக்கொண்டு நின்றார். முனவ்வறா அவருடைய பேரைத் தேடிப் பிடித்து, பூட்டுக்கு நேரே இருந்த சரியடையாளத்தை எடுத்துவிட்டாள்.

"இப்ப நீங்க உள்ள போகலாம்" என்றாள் அவரைப் பார்த்து.

மேடம் விடவில்லை. "யார் எத்தின மணிக்கு வந்து போனதெண்ட பதிவைத் திறங்க." திறந்தாள். சிவப்புக் குறிகளைப் பார்த்து ஸைனுலாப்தீன் நெஞ்சில் கை வைத்தார். மேடம் விரலை வைத்து வாசித்தார். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பத்திரண்டு. முனவ்வறா. இது என்ன?"

"பழகினன் மேடம்."

"அப்ப இவர் எங்க?"

"பள்ளியில."

"ஜும்ஆ நேரத்திலயா?" என்றார் ஸைனுலாப்தீன். கேட்பதற்கு வேறு ஆயிரம் கேள்வி இருந்தது. அவருக்கு வந்தது அதுதான்.

மேடம் பென்சிலை எடுத்தார். "சரி, உங்கட பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நான் குறிச்சு வைக்கிறன்."

முனவ்வறா சேர்வரைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். "மன்னிச்சிக்கங்க மேடம். அது ஒருத்தருக்கும் செல்லப்படாது."

"யார் சொல்லித் தந்தது?"

"இவங்கதான். எல்லாம் இவங்க செல்லித் தந்ததுதான். நான் கேட்டுப் படிச்சன்."

மேடம் கண்ணாடிக்கு மேலால் ஸைனுலாப்தீனைப் பார்த்தார். முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார். பிறகு கொப்பியைத் திறந்து எழுதினார். பெட்டி கல்முனையில் நிற்கும். பதவி ரெண்டாகும். பொறுப்பாளர் முனவ்வறா. பயிற்றுவிப்பாளரும் உதவியாளரும் ஸைனுலாப்தீன். சங்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியது அவருடைய கடமை.

அன்றைக்கு ஸைனுலாப்தீன் டையைக் கழற்றி எறிந்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அஸர் வரைக்கும் ஆளைக் காணவில்லை. வந்தார். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்தார். முனவ்வறா கண்டாள். காணாத மாதிரி இருந்தாள்.

மறுநாள் காலை குசினி வாசலில் வந்து குந்தினார். மகன் அவருடைய மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்தான். முன்னறையில் சங்கத்துப் பெண்களின் சத்தம்.

"எண்டாலும் புள்ள, எனக்கிட்ட முன்னுக்கே ஒரு சொல்லுச் செல்லியிரிக்கலாம். பஸாரில ஏஜென்ட் கூடக் கேட்டுட்டுச் சிரிக்கான்."

"செல்ல வந்தன். நீங்க சீனி கேட்டீங்க."

அவர் கொஞ்ச நேரம் மகனின் விரலை மீசையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். "சரி. இப்ப செல்லு. நான் கேக்கிறன். ஏன் செஞ்ச?"

அப்படி அவர் கேட்டதே இல்லை. முனவ்வறா அடுப்பைத் தணித்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நான் பதவிக்கு ஆசப்பட்டுச் செய்யல்ல. நீங்க இல்லாத இந்த வீட்டில நான் எப்பிடி..."

"பொறுப்பாளர், கெதியா ஒருக்கா வாங்க" என்றது முன்னறையிலிருந்து தங்கேஸ்வரியின் குரல்.

ஸைனுலாப்தீன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பி, சட்டைக் கொலரைச் சரி செய்தார். "ஓம், வாறன்" என்றார்.

"நீங்க இரிங்க தம்பி. நான் பொறுப்பாளரத்தான் கூப்பிட்டன்."